எடை நார்மல் என்றார்கள்: வளரிளம் பிள்ளைகளின் உண்ணுதல் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது 14 வயது. ஐந்து மாதமாகச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்பாள். சித்திரை வெயிலிலும் கை ஜில்லென்று இருக்கும். பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எடைக் கருவியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "வயசுக்கேத்த எடைதானேம்மா. முன்னாடிதான் கொஞ்சம் அதிகம், இப்பதான் சரியா இருக்கா" என்றார்கள். வைட்டமின் மாத்திரை எழுதித் தந்தார்கள். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதியில் மூன்று மாதம் போய்விட்டது.

அன்று கருவி காட்டிய எண்ணில் தவறில்லை. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்ததில்தான் தவறு. இதே வாசலில் நிற்கும் பெற்றோருக்காகவும், வகுப்பில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சந்தேகப்படும் ஆசிரியர்களுக்காகவும், எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. நோய் இருக்கிறதா என்று முடிவு சொல்வது அவர்கள் வேலை. அவர்கள் முன் எதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது நம் வேலை.

படி 1: பழைய எடைகளைத் தேடி எடுங்கள்

இன்றைய எடை ஒரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு பிள்ளை ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் வேலை, பழைய புள்ளிகளைச் சேர்ப்பது. தடுப்பூசி அட்டை, காய்ச்சலுக்குப் போனபோது டாக்டர் எழுதிய சீட்டு, பள்ளி முன்னேற்ற அறிக்கையில் இருக்கும் உயரம், எடை, பள்ளி மருத்துவ முகாமில் குறித்த அட்டை என எல்லாமே உதவும். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால், 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் திட்டத்தின் மருத்துவக் குழு வந்தபோது எடுத்த அளவு பள்ளியில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? தையல்காரர். சீருடை தைக்க ஒவ்வொரு ஜூனிலும் எடுத்த அளவுகளை அவர் நோட்டில் தேதியோடு வைத்திருந்தார். மார்பு, இடுப்பு, நீளம் எல்லாம் இருந்தன. நீளம் ஏறிக்கொண்டே போக, இடுப்பளவு மட்டும் ஒரே வருடத்தில் கீழே வந்திருந்தது. மருத்துவ ஆவணமாக அதை யாரும் ஏற்கப் போவதில்லை. ஆனால் எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இதற்காகப் பிள்ளையைத் தினமும் எடை பார்க்காதீர்கள். வீட்டில் எடைக் கருவி இருந்தால் முதலில் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே எண்ணையே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நாமும் சேர்ந்து எண் சொல்ல வேண்டாம். இந்தக் கணக்கெல்லாம் அவள் தூங்கிய பிறகு போட வேண்டியது.

படி 2: வளர்ச்சி அட்டவணையில் வையுங்கள்

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு பி.எம்.ஐ. அதில் பெரியவர்களுக்கான எல்லைகளைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்ப்பது நிறையப் பேர் செய்யும் பிழை. இணையத்தில் கிடைக்கும் கணக்குப்பொறி 18.5க்குக் கீழே என்றால் எடை குறைவு என்று காட்டும். அது பெரியவர்களுக்கான எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அளவுகோலின்படி 10 வயதுப் பிள்ளைகளின் நடு பி.எம்.ஐ.யே 16.5ஐ ஒட்டித்தான் இருக்கிறது. வயது ஏற ஏற அந்த நடு அளவும் ஏறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் திருத்தி வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. 5 முதல் 18 வயது வரைக்கும் அதுதான். உயரம், எடைப் பக்கங்களில் கீழிருந்து மேலாக 3, 10, 25, 50, 75, 90, 97 என்று வளைகோடுகள் ஓடும். 50 என்ற கோடு நடு. 75ஆம் கோட்டில் இருக்கும் பிள்ளை என்றால், அதே வயதுள்ள நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஏறத்தாழ 75 பேர் அவளைவிடக் குறைந்த எடையில் இருப்பார்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் ஏதோ ஒரு கோட்டை ஒட்டியே வளர்கிறார்கள். சிலருக்கு அது 25, சிலருக்கு 90. ஒல்லியான குடும்பத்தில் 10ஆம் கோட்டிலேயே ஆரோக்கியமாக வளரும் பிள்ளையும் உண்டு. பார்க்க வேண்டியது, தன் கோட்டை விட்டு இறங்குகிறதா என்பதை. பல வருடம் 75ஆம் கோட்டில் வந்த பெண் ஒரே ஆண்டில் 25க்கு இறங்கினால், அட்டவணையில் அவள் இன்னும் சாதாரண எல்லைக்குள்தான் இருப்பாள். கிளினிக்கில் அன்று பார்த்தது அந்த எல்லையை மட்டும்தான். இரண்டு பெரிய கோடுகளைத் தாண்டி இறங்கினால், எங்கே வந்து நின்றாலும் காரணம் தேட வேண்டும்.

இன்னொன்றும் எளிதில் நழுவிவிடும். வளர்கிற பிள்ளைக்கு எடை கூடாமல் நிற்பதே இறக்கம்தான். "எடை குறையலையே, போன வருஷம் இருந்த அதே எடைதான்" என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறோம். உயரம் 5 சென்டிமீட்டர் கூடியிருக்க எடை அப்படியே நின்றால் கோடு கீழே போகிறது. நெடுநாள் சாப்பாடு குறைந்தால் உயரமும் நின்றுவிடலாம், பூப்பெய்துவதும் தள்ளிப்போகலாம். அப்படி நின்ற உயரத்தை வைத்து பி.எம்.ஐ. போட்டால் கணக்கு நம்மையே ஏமாற்றும்.

அந்த அட்டவணையின் பி.எம்.ஐ. பக்கத்தில் மேலே 23, 27 என்று இரண்டு கோடுகள் உண்டு. பெரியவர்களின் 23க்கும் 27க்கும் நிகரான இடங்கள் அவை. அதிக எடை, உடற்பருமன் என்று எச்சரிப்பதற்கானவை. மேலே போகும் பிள்ளைக்கு இப்படித் தனிக் கோடு போட்டு மணி அடிக்கிறோம். மேலேயிருந்து வேகமாக இறங்கும் பிள்ளைக்கோ கைதட்டுகிறோம். கல்யாண வீட்டில் "இளைச்சுட்டியே, இப்பதான் லட்சணமா இருக்க" என்று சொல்லாத உறவினர் யார்? என் மகளிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

படி 3: எந்த நோயில் எடை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உண்ணுதல் கோளாறு என்றதும் எலும்பும் தோலுமான உருவம்தான் மனதில் வரும். அது ஒரு வகை, அதிலும் முற்றிய நிலை.

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடல் மெலியும் அந்த நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்ற பெயரை 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்தார். அதே ஆண்டு பாரிஸில் லசேக் என்பவரும் இதே நோயை விவரித்தார். அதற்குப் பிறகு வெகுகாலம் எடைதான் இந்த நோயின் நுழைவுச்சீட்டு. எது எந்த மனநோய் என்று வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் பழைய கையேட்டில், எதிர்பார்க்கும் எடையில் 85 விழுக்காட்டுக்குக் கீழே என்பது எடுத்துக்காட்டாகத்தான் இருந்தது. நடைமுறையில் அதுவே எல்லைக்கோடாகிவிட்டது. மாதவிடாய் தொடர்ந்து மூன்று முறை நின்றிருக்க வேண்டும் என்பதும் விதி. அப்படியென்றால் பையன்களுக்கு? இன்னும் பூப்பெய்தாத 11 வயதுச் சிறுமிக்கு? 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். வயது, பாலினம், வளர்ச்சிப் பாதை, உடல்நிலை எல்லாவற்றையும் சேர்த்து எடை குறிப்பிடத்தக்க அளவு குறைவா என்று பார்க்கச் சொல்கிறது புதிய விதி. பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஏற வேண்டிய எடை ஏறாவிட்டாலும் போதும்.

எடை நிறையக் குறைந்தும் சாதாரண எல்லைக்குள் நிற்பவர்களுக்கு அதே கையேட்டில் ஏடிபிக்கல் அனோரெக்ஸியா என்று ஒரு பெயர் இருக்கிறது. அதைக் கேட்டதும் லேசான வகை போலத் தோன்றும். லேசானது இல்லை. மெல்போர்னில் வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்படிச் சாதாரண எடையில் இருந்தவர்களுக்கும் நாடித்துடிப்பு குறைவது போன்ற ஆபத்துகள் எடை குறைந்தவர்களுக்கு நிகராகவே இருந்தன. உணவையும் உடல் தோற்றத்தையும் பற்றிய மன உளைச்சல் அவர்களைவிடக் கூடுதல். உடலைப் பொறுத்தவரை, எவ்வளவு இழந்தது, எவ்வளவு வேகமாக இழந்தது என்பதுதான் கணக்கு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலிலும் எடை குறைவு என்ற அளவுக்குப் பதிலாக வேகமான எடையிழப்பையே ஆதாரமாகக் கொள்ளலாம் என்று இருக்கிறது.

புலிமியாவில் எடை ஏறக்குறைய மாறாமலே இருக்கும். கட்டுப்பாடின்றி நிறையச் சாப்பிடுவது, பிறகு வாந்தி எடுத்தோ வேறு விதமாகவோ அதை ஈடுகட்டப் பார்ப்பது என்ற சுழல் அது. வாரம் ஒரு முறை வீதம் மூன்று மாதம் நடந்தால் போதும் என்று 2013இல் வரம்பைத் தளர்த்தினார்கள். இங்கே எடைக் கருவியால் ஒரு பயனும் இல்லை. சாப்பிட்டதும் ஒவ்வொரு முறையும் பாத்ரூமுக்குள் போய்விடுவது, கன்னம் உப்பியிருப்பது, பல் கூசுவது, தின்பண்டம் மாயமாவது இவைதான் அடையாளம். ஈடுகட்டும் பழக்கம் இல்லாமல் கட்டுமீறி உண்ணுவதும் தனி நோய்தான். அதற்கு வரும் பிள்ளையிடம் வாயைக் கட்டு என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் ஊரில் சகஜம்.

அப்புறம் ஆர்ஃபிட் என்று ஒன்று. இதில் உடல் தோற்றம் பற்றிய கவலையே கிடையாது. தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம், சில உணவுகளின் வழவழப்பு அல்லது வாசனை பிடிக்காமை, பசியே எடுக்காமை ஆகியவற்றால் சாப்பாடு சுருங்கிப்போகும். இதில் எடை இறங்கலாம், இறங்காமல் சத்துக் குறைவு மட்டும் வரலாம்.

படி 4: கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள்

மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறிய கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. பெயர் ஸ்காஃப். லண்டனில் உருவாக்கி 1999இல் வெளியிட்டார்கள். மொத்தம் ஐந்து கேள்விகள். வயிறு நிரம்பிய சங்கடத்தில் வாந்தி எடுக்கிறாயா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலையா, மூன்று மாதத்தில் ஒரு ஸ்டோன், அதாவது ஆறு கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, மற்றவர்கள் ஒல்லி என்றாலும் நீ குண்டு என்று நம்புகிறாயா, உணவுதான் உன் வாழ்க்கையை ஆள்கிறதா. இரண்டுக்கு ஆம் என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

நல்ல பட்டியல்தான். ஆனால் பெரியவர்களை மனதில் வைத்துச் செய்தது. 12 வயதுப் பிள்ளைக்கு ஆறு கிலோ என்பது மிகப் பெரிய இழப்பு. அதுவரை காத்திருக்கக் கூடாது. குண்டு பற்றிய கேள்விக்கும் நம் வீடுகளில் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். "பசிக்கலம்மா", "வயிறு உப்புசமா இருக்கு", "சாப்பிட்டா நெஞ்சை அடைக்குது", "பரீட்சை முடியட்டும்" என்பார்கள். 1993இல் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் வெளியிட்ட ஆய்வில் 70 அனோரெக்ஸியா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைச் சொல்லவே இல்லை. வயிறு நிறைந்த உணர்வு, பசியின்மை இவைதான் அவர்கள் சொன்ன காரணங்கள். சாப்பிட மறுத்ததும் உடல் தேய்ந்ததும் எல்லாருக்கும் ஒன்றே. காரணத்தை எந்த மொழியில் சொல்வது என்பது ஊருக்கு ஊர் மாறும். நம் ஊரில் அது திடீர் விரதமாகவும் வரும், திடீர் சைவமாகவும் வரும்.

அதனால் "நீ குண்டுன்னு நினைக்கிறியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நாலு மணி நேரமா சாப்பாட்டைப் பத்தி எத்தனை தடவை நினைச்சே?" என்று நான் ஒரு நாள் கேட்டேன். அழுதுகொண்டே, "நினைக்காம இருந்ததே இல்லம்மா" என்றாள்.

அது அவள் குணக்கேடு இல்லை. 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆறு மாதம் அவர்களை அரைப்பட்டினியில் வைத்தார். யாருக்கும் உண்ணுதல் கோளாறு இருந்ததில்லை. ஆனால் சமையல் குறிப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். நாடித்துடிப்பும் இறங்கியது. பட்டினி கிடக்கும் மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். தான் சாப்பிடாமல் தம்பிக்கு விதவிதமாகச் சமைத்துப் போடும் அக்காவைப் பார்த்து "எவ்வளவு பொறுப்பு" என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

படி 5: டாக்டரிடம் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்

குழந்தை மருத்துவரிடம் முதலில் போவது நல்லது. எடை குறைய வேறு காரணங்களும் உண்டு. காசநோய், டைப் 1 நீரிழிவு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, குடல் நோய்கள், மனச்சோர்வு எல்லாவற்றையும் விலக்க வேண்டும். அதே சமயம், "எல்லா டெஸ்டும் நார்மல், ஒண்ணுமில்ல" என்பதோடு திரும்பிவிடாதீர்கள். இந்த நோயில் ரத்தப் பரிசோதனைகள் கடைசி வரை ஒழுங்காகவே வரக்கூடும்.

திரட்டிய பழைய எடைகளை ஒரே தாளில் தேதி வாரியாக எழுதி, பிள்ளை இல்லாத நேரத்தில் டாக்டரிடம் கொடுங்கள். கேட்க வேண்டியவை இவை: படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், உடல் வெப்பம், ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பரஸ், மக்னீசியம், சர்க்கரை. பெண் பிள்ளையென்றால் மாதவிடாய்க் கணக்கையும் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனதும் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று முடிவு கட்டி, எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பியதாக எனக்குத் தெரிந்த இரண்டு அம்மாக்கள் சொன்னார்கள்.

எடை பார்க்கும்போது ஒரே மாதிரியான மெல்லிய உடையில், கருவிக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டதும் அங்கிருந்த நர்ஸ் அக்கா ஒரு காகிதத்தை எடுத்து எண்ணின்மேல் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள் உண்டு. பகலில் ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே, மயங்கி விழுவது, நெஞ்சு படபடப்பு அல்லது வலி, உடல் வெப்பம் 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது, நீர் உட்பட எதையும் உட்கொள்ள மறுப்பது, ரத்த வாந்தி, சாக வேண்டும் என்ற பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் எடை எவ்வளவு என்று பார்க்காமல் கிளம்புங்கள். ஓட்டப்பந்தயம், நடனம் என்று பயிற்சி செய்யும் பிள்ளைக்கு நாடி மெதுவாகத்தான் இருக்கும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஈசிஜி சொல்லட்டும்.

படி 6: எங்கே போவது

குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், உணவியல் நிபுணர் மூவரும் சேர்ந்து பார்க்கும் இடம் கிடைத்தால் நல்லது. வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் பிள்ளைகளுக்கான தனி மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் உண்டு. யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இலங்கையில் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

படி 7: நோய் என்று உறுதியான பிறகு எடையை எப்படிப் பார்ப்பது

பல நாள் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்கு உறுதியான அன்றே வீட்டில் விருந்து வைத்துவிடாதீர்கள். வெகுவாக மெலிந்த உடலுக்குத் திடீரென உணவு கூடினால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து இதயம்வரை பாதிக்கலாம். எவ்வளவு, எந்த வேகத்தில் என்று டாக்டர் சொல்லட்டும். சாதாரண எடையில் இருந்தாலும் நிறைய இழந்த பிள்ளைக்கு இந்த ஆபத்து உண்டு.

வளரிளம் பருவ அனோரெக்ஸியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைப்பது குடும்பத்தோடு செய்யும் சிகிச்சையை. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்ற முடிவு முழுக்கப் பெற்றோர் கையில். எடை மீண்டு வரவர, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பது அடுத்த கட்டம். மூன்றாவது, வயதுக்குரிய மற்ற விஷயங்களுக்குத் திரும்புவது. சொல்ல எளிது. ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலை வேளைகள் எங்களுக்கு உண்டு.

எந்த எடை வந்தால் சரி என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். அதற்கு நிலையான ஒரு எண் கிடையாது. நோய்க்கு முன் பிள்ளை எந்தக் கோட்டில் வளர்ந்தாளோ அந்தக் கோட்டை வைத்தே மருத்துவர்கள் இலக்கை மதிப்பிடுகிறார்கள். 75ஆம் கோட்டில் இருந்தவளை 50இல் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நடு அளவு வந்துவிட்டதே என்று முடித்துக்கொண்டால் உடல் இன்னும் பாதிப் பட்டினியில்தான் இருக்கும். மாதவிடாய் திரும்புவது, கை சூடாவது, உயரம் மறுபடி நகர்வது, சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு வருவது எல்லாம் அந்த இலக்கை நெருங்குவதன் அடையாளங்கள். வளரும் வயது என்பதால் இலக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே நகரும். அடுத்த சந்திப்பில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஜூனிலும் சீருடைக்கு அளவு கொடுக்கப் போனோம். நான் மட்டும் பத்து நிமிடம் முன்னதாகப் போய்த் தையல்காரரிடம் சொன்னேன்: "அண்ணா, கூடியிருக்கு குறைஞ்சிருக்குன்னு வாயால எதுவும் சொல்லாதீங்க. நோட்ல மட்டும் எழுதிக்கோங்க." அவர் தலையாட்டிவிட்டு, அளந்து முடிக்கும்வரை கிரிக்கெட் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.